லீக் மிஷினுக்கு வைத்த சந்தனம்

நமத்துப்போன சேவு ஒடியாது, வளையும். தீபாவளிக்கு முந்தி ஒரு மழை நாளில் அண்ணாச்சி எங்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, கடைக்காரர் திருப்பி அனுப்பிய பாக்கெட் ஒன்றைக் கிழித்து, ஒரு காராச்சேவை எடுத்து இரண்டு விரலால் வளைத்துக் காட்டினார். அது பாட்டுக்கு வளைந்தது. எங்கள் சேவு ஒடிகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று பெருமையடிக்கிறவர் அவர். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி எங்கள் முதலாளி. விருதுநகருக்கும் சாத்தூருக்கும் நடுவில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு ஷெட் போட்டு, சேவும் மிக்சரும் தயார் செய்து, பாக்கெட்டில் அடைத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறார். பாக்கெட்டின் வாயை ஒட்டுவது என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி. ஒட்டிய பாக்கெட்டை ஒரு மிஷினில் தண்ணீருக்குள் அமுக்கி, எங்கேயாவது காற்றுப் போய்க் குமிழி வருகிறதா என்று பார்ப்பது நான். அதனால் கூட்டத்தில் நின்ற அத்தனை பேரும் எங்கள் இருவரையும்தான் பார்த்தார்கள்.

"நீ பாத்துத்தான அனுப்புன?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணுலகூடக் குமிழி வரல."

"அப்ப காத்து எப்படிம்மா உள்ள போச்சு? செவுரேறிக் குதிச்சா போச்சு?"

எல்லாப் பாக்கெட்டையும் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு தட்டிலும் சிலவற்றை எடுத்துத்தான் பார்ப்பேன். அது அவருக்கும் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"மிஷின் பொய் சொல்லாது. நீ பாத்த பாக்கெட்டு நல்லா இருந்திருக்கு. பாக்காத பாக்கெட்ட ஒங்க மதினி அரைகொறையா ஒட்டியிருக்காக. அடுத்த லோடும் திரும்பி வந்துச்சுன்னா அவுக வீட்டுல இருக்கட்டும். எங்க சின்னம்மா மக ஒருத்தி வேலை கேட்டு நடையா நடந்துக்கிட்டு இருக்கா."

மதினி பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் அவர் அவளைப் பார்க்காமல் என்னிடம்தான் சொன்னார். அன்றிலிருந்து மதினியிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் என் வழியாகவே சொல்ல ஆரம்பித்தார். ஒரே ஷெட்டுக்குள் இருந்துகொண்டு இது என்ன கூத்து என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

வேலை போனால் இன்னொரு வேலை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் படிக்காத பொம்பளைக்கு இன்னொரு வேலை என்றால் அது பட்டாசுக் கம்பெனிதான். மதினி அங்கேதான் முன்னால் இருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருக்கிறாள். செம்பைக் கீழே வைப்பதற்குள் பக்கத்து அறை வெடித்துப் போய்விட்டது. அந்த அறையில் இருந்தவர்களோடு அன்றைக்குக் காலையில்தான் ஒரே வேனில் போயிருந்தாள். வீட்டுக்கு வந்தவள் வெகுநாள் வாய் திறக்கவில்லை. அப்புறம் சொன்ன முதல் வார்த்தை, இனிமேல் அந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்பதுதான். அண்ணன் சீக்கில் விழுந்து போய்ச் சேர்ந்தபோதுகூட, இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அந்த வேலைக்கு அவள் திரும்பவில்லை. நான்தான் அண்ணாச்சியிடம் பேசி இங்கே சேர்த்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் தீப்பெட்டியைக்கூடத் தொடமாட்டாள். லைட்டரைத் தட்டிவிட்டுத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அடுப்பை எப்போதும் சிம்மில்தான் வைப்பாள். மதினி வீட்டுக்குச் சாப்பிடப் போனால் சோறு வேகும்வரை ஒரு தூக்கம் போடலாம் என்று நான் கேலி செய்வேன். "வேகட்டும்த்தா, என்ன அவசரம்" என்று சிரிப்பாள்.

இனி அந்தச் சிரிப்பைப் பார்ப்பேனா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அடுத்த லோடு கிளம்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசி மழை விட்டபாடில்லை. காற்றே ஈரமாக இருக்கிற நேரத்தில் பாக்கெட்டில் ஊசிமுனை இடம் கிடைத்தாலும் சேவு நமத்துப்போகும். அது எங்கே என்று கண்டுபிடிக்காவிட்டால் மதினி கதை முடிந்தது. கண்டுபிடிக்க வேண்டியவள் நான்.

என்னிடம் இருந்தது அந்த மிஷின் ஒன்றுதான். லீக் மிஷின் என்போம். பார்ப்பதற்கு மீன் தொட்டி மாதிரி இருக்கும். வந்த புதிதில் "மீனு எங்கன?" என்று ஆளாளுக்கு வந்து கேட்டுக் கேலி செய்தார்கள். தொட்டியில் கோடு போட்ட அளவுக்குத் தண்ணீர் இருக்கும். ஒட்டிய பாக்கெட்டைத் தண்ணீருக்குள் வைத்து, மிதந்து வராதபடி ஓட்டை போட்ட தட்டால் அமுக்கி, மூடியைச் சாத்தி, பம்பைப் போட வேண்டும். தண்ணீருக்கு மேலே இருக்கிற காற்றைப் பம்பு உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச உள்ளே பாக்கெட்டின் வயிறு உப்பும். எங்கேயாவது ஓட்டை இருந்தால் அந்த வழியாகக் குமிழி கிளம்பும். கிளம்பாவிட்டால் பாக்கெட் பாஸ். பாக்கெட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிற குமிழியைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது ஒன்றிரண்டு வந்து நின்றுவிடும். ஓட்டையிலிருந்து வருவது ஒரே இடத்திலிருந்து நூல் பிடித்தாற்போல் வந்துகொண்டே இருக்கும்.

அந்த மிஷினை நான் கைப்பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டேன். எங்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் சுவரெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, காற்றைத் திறந்துவிடுகிற வால்வும் இறுகிக்கொள்ளும். அதனால் கேன் தண்ணீர்தான் ஊற்றுவேன். மனுசர் குடிக்கவே கேன் வாங்குகிற ஊரில் மிஷினுக்கும் கேன் தண்ணீரா என்று அண்ணாச்சி முகம் சுளிப்பார். கோட்டுக்கு மேலே தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வேன், போனால் பம்பு தண்ணீரைக் குடித்துக் கெட்டுவிடும். சாயங்காலமானால் தண்ணீரை இறக்கி, சேவுத் தூளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, மூடியைத் திறந்தே வைத்துவிட்டுப் போவேன். மூடியின் ஓரம் சுற்றிலும் ஒரு ரப்பர் உண்டு. சாத்தியபடியே வைத்தால் அது அமுங்கிப்போகும். இத்தனை பார்த்தும் சேவு நமத்துப்போனது எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை.

மதினி ஒட்டி அனுப்பிய பாக்கெட்டுகளை அன்றிலிருந்து விடாமல் பார்த்தேன். சிலதை மட்டும் இல்லை, கைக்கு வந்ததை எல்லாம் தண்ணீரில் அமுக்கினேன். ஒன்றிலும் குமிழி இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. மற்ற நாளாக இருந்தால் குமிழி வராததற்குச் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது ஒரு குமிழி வராதா என்று தவித்தேன். இருக்கன்குடி ஆத்தாளுக்கு மாவிளக்கு போடுவதாக நேர்ந்துகொண்டேன். பாக்கெட் ஒழுக வேண்டும் என்று சாமியிடம் நேர்ந்துகொண்ட ஆள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலையில் மதினி வீட்டு வாசலில் பட்டாசுக் கம்பெனி வேன் நின்றதைப் பார்த்தேன். தினமும் எங்கள் தெரு வழியாகப் போய் ஆள் ஏற்றுகிற வேன்தான். ஆனால் மதினி வாசலில் அது நின்று பல வருஷமாகிறது. டிரைவரிடம் மதினி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். வேன் போன பிறகு ஓடிப் போய்க் கேட்டேன்.

"என்ன மதினி, அவன்கிட்ட என்ன பேச்சு?"

"சும்மாதான்த்தா. ஆளு எடுக்காகளான்னு கேட்டேன்."

"எதுக்குக் கேக்கீக?"

"பிள்ளைக படிக்கணும்ல" என்றாள். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றைக்கு ஷெட்டுக்குப் போனதும், யாரும் பார்க்காத நேரத்தில், என் தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஒரு நல்ல பாக்கெட்டில் குத்தினேன். ஏன் குத்தினேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு குமிழியையாவது கண்ணால் பார்க்க வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். குத்தின பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கி, மூடியைச் சாத்தி, பம்பைப் போட்டேன்.

குமிழி வரவில்லை.

எடுத்துப் பார்த்தேன். ஊக்கு போன தடம் பளிச்சென்று இருந்தது. மறுபடியும் போட்டேன். பம்பு உறுமிக்கொண்டே இருந்தது, தண்ணீர் சும்மா கிடந்தது. அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். பாக்கெட்டின் வயிறு உப்பவே இல்லை. ஓட்டை விழுந்த பாக்கெட்டுக்கே பாஸ் போடுகிற மிஷினை வைத்துக்கொண்டா நான் இத்தனை நாளும் மாரடித்தேன்?

காற்றை எவ்வளவு உறிஞ்சியிருக்கிறது என்று காட்ட மிஷினில் ஒரு வட்ட மீட்டர் உண்டு. அதன் முள் எந்தக் கோட்டுக்கு வந்தால் சரி என்று எனக்கு மனப்பாடம். ஆனால் முள்ளைப் பார்க்க முடியாது. ஆயுதபூஜை அன்றைக்கு அண்ணாச்சி எல்லா மிஷினுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தார். லீக் மிஷினுக்கு முகம் எது என்று தேடி, வட்டமாக இருக்கிற மீட்டரே முகம் என்று முடிவு செய்து, அதன் கண்ணாடி நிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். அதோடு விடாமல் வாசல் நிலைக்கு வைப்பது போல மூடியின் நான்கு மூலையிலும் சந்தனம் அப்பினார். "முள்ளு தெரியலயே அண்ணாச்சி" என்று அன்றைக்கே கேட்டேன். "அது தானா உதிரும், நீ கை வைக்காத" என்றார். பூஜைப் பொட்டை யாரும் அழிக்கமாட்டோம். லோடு ஆட்டோக்காரர்கூட முன்கண்ணாடியைத் துடைக்கும்போது பொட்டைச் சுற்றிக்கொண்டுதான் துடைப்பார். நானும் மூடியைத் துடைக்கும்போது நான்கு மூலையையும் விட்டுவிட்டுத்தான் துடைத்துவந்தேன். பம்பு சத்தத்தை வைத்து முள் இந்நேரம் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முந்தானையை நனைத்து மீட்டரைத் துடைத்தேன். முள் கீழேயே படுத்துக் கிடந்தது, பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். மூலையில் வைத்த சந்தனம் ஈரத்தில் இளகி, ரப்பர் பதிகிற பள்ளத்துக்குள் இறங்கி, சிமெண்டுபோல் இறுகியிருந்தது. மூடி எங்கே உட்காரும்? பம்பு ஒரு பக்கம் உறிஞ்ச, வெளிக்காற்று இன்னொரு பக்கம் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. கண்ணையும் கட்டி, வாயையும் அடைத்துவிட்டு, நல்லது கெட்டது பார்த்துச் சொல் என்றால் அது என்ன செய்யும்.

வெந்நீரில் துணியை நனைத்துச் சந்தனத்தை ஊறவைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி வந்துவிட்டார்.

"பொட்ட அழிச்சது யாரு?"

"நான்தான் அண்ணாச்சி."

"ஏம்மா, தாலி கட்டுன பொம்பள செய்ற காரியமா இது? அதுவும் சீசன் நேரத்துல?" அவர் குரல் ஏறியதில் எண்ணெய்ச் சட்டிக்காரர்கள்வரை எட்டிப் பார்த்தார்கள்.

சுத்தம் செய்த மூடியைச் சாத்தி, கையால் ஓர் அமுக்கு அமுக்கி, ஊக்கு குத்தின பாக்கெட்டோடு பம்பைப் போட்டேன். முள் விறுவிறுவென்று ஏறியது. பாக்கெட் உப்பியது. ஊக்குத் தடத்திலிருந்து குமிழி நூல் பிடித்தாற்போல் கிளம்பியது. "இது நான் ஊக்கால குத்துன ஓட்டை அண்ணாச்சி. முந்தியே போட்டுப் பாத்தேன், பாஸுன்னு சொல்லுச்சு. சந்தனத்த எடுத்த பெறகுதான் ஒழுகுறதக் காட்டுது" என்றேன். அவர் தொட்டியைப் பார்த்தார், என் கையில் இருந்த சந்தனத் துணியைப் பார்த்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி மழுங்கிப்போனது. மதினி மேல் பழி இல்லை என்று எல்லோர் முன்னாலும் காட்டிவிட வேண்டும் என்று, "மதினி, இப்ப ஒட்டுன பாக்கெட்டு ஒண்ணு குடுங்க" என்று கூப்பிட்டேன். அவளும் முகம் மலர்ந்து கொண்டுவந்து கொடுத்தாள். வைத்து, அமுக்கி, பம்பைப் போட்டேன். கூட்டம் தொட்டியைச் சுற்றி நின்றது.

பாக்கெட்டின் முதுகில் மேலிருந்து கீழே ஓடுகிற ஒட்டு, வாயில் வந்து சேருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே மட்டும் தாள் மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த இடத்திலிருந்து குமிழி கிளம்பியது. ஒன்றிரண்டு வந்து நின்றுவிடும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. இன்னொரு பாக்கெட்டைப் போட்டேன். அதிலும் அதே இடம். இன்னொன்று போட எனக்குக் கை வரவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நானே ஊரைக் கூட்டி அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

ஒட்டுகிற மிஷினிடம் போனேன். மடிப்பு விழுந்த இடத்தில் கூடுதல் சூடு வேண்டும் என்பதால், சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் திருகுகிற குமிழை எந்தக் கோட்டில் வைக்க வேண்டும் என்று பெயிண்டில் குறித்திருந்தோம். குமிழ் அந்தக் குறிக்குக் கீழே இருந்தது.

"இத யாரு கொறச்சா மதினி?" என்று மெதுவாகக் கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சிம்மில் வைத்த அடுப்புத்தான் கண் முன்னால் வந்தது.

"நான்தான்" என்றாள். "சூடு கூடுனா தாளு கருகுற மாதிரி ஒரு வாசம் வருதுத்தா. அந்த வாசம் வந்தா என்னால நிக்க முடியல. இழுத்துப் பாத்தேன், பிடிச்சுத்தான் இருந்துச்சு. நீயும் பாஸுன்னு சொன்ன."

அண்ணாச்சி கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மதினி தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு வேன்ல எடம் இருக்குன்னான்" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. கருகுகிற வாசத்துக்கே நிற்க முடியாதவள் மருந்து அறையில் எப்படி உட்காரப் போகிறாள்? வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணாச்சி, நான் ஒட்டுறேன். எனக்கு அந்த வாசம் ஒண்ணும் செய்யாது. மதினி தொட்டிய பாக்கட்டும். அது வெறும் தண்ணிதான்."

"நல்ல கதையா இருக்கே. நீ ஒட்டுறத ஒங்க மதினி பாக்கணும், அப்படித்தான? ரெண்டு பேரும் ஒரே குடும்பம். அவுக ஒன் பாக்கெட்ட பெயில் போடுவாகளா? அதுவும் நீதான் வேலை வாங்கிக் குடுத்தவ."

நியாயமான கேள்விதான். சந்தனத் துணியை அவர் பார்வையில் படுகிற மாதிரி தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, "ஒரு தட்டு மட்டும் பாருங்க அண்ணாச்சி" என்றேன். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு எதிரிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

குமிழைக் குறிக்கு ஏற்றி வைத்துவிட்டு நான் ஒட்ட உட்கார்ந்தேன். பழக்கமில்லாத வேலை. பாக்கெட்டுகள் அடுத்தடுத்து வந்து நெருக்கின. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மதினி என் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தண்ணீரில் வைத்து அமுக்கினாள். நான் சொல்லச் சொல்ல மூடியைச் சாத்தினாள், பம்பைப் போட்டாள், முள்ளைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, தொட்டிச் சுவரில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் சும்மா நிமிர்ந்து பாஸ் என்று சொன்னால் போதும், அண்ணாச்சிக்கு எங்கள் இரண்டு பேர் மேலும் இருக்கிற நம்பிக்கை போய்விடும். பெயில் என்று சொன்னால் எனக்கே வேலை இருக்குமா என்று தெரியாது. இரண்டில் எது வந்தாலும் கெட்டதுதான் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த பாக்கெட்டை ஒட்டாமல் கையில் வைத்திருந்தேன்.

மதினி நிமிர்ந்தாள். அண்ணாச்சியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஏத்தா, ஒன் பாக்கெட்டு லீக்கு" என்றாள். "ஓரத்துல சேவுத் தூளு மாட்டியிருக்கு. தொடச்சிட்டு ஒட்டு."

எழுந்து போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருந்தாள். மூலையில் கடுகளவு தூள் சிக்கி, அங்கிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சியும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு, சேவு திரும்பி வந்த நாளிலிருந்து முதன்முறையாக, என்னை விட்டுவிட்டு மதினியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"சரி, அத ஒதுக்கி வச்சிட்டு அடுத்தத எடுத்துப் போடு தாயி."

மதினி அடுத்த பாக்கெட்டை எடுத்துத் தண்ணீரில் அமுக்கினாள்.